புதுப்பிப்பு: மான்ஸ்டெரா ஆல்போவில் பச்சை திரும்பிவிட்டது

என் மான்ஸ்டெரா ஆல்போ (பச்சை இலைகளில் வெள்ளை கலந்து வரும் அலங்காரச் செடி) அடுத்தடுத்து முழு வெள்ளை இலைகளாகவே விடுகிறது, வெட்டலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வெட்டச் சொன்னவர்களுக்கு நன்றி. வெட்டினேன், புது இலை விரிந்துவிட்டது.

அழகென்றால் அப்படியோர் அழகு! நடுநரம்புக்கு இந்தப் பக்கம் பால் வெள்ளை, அந்தப் பக்கம் கரும்பச்சை. பச்சைக்குள்ளே சுண்ணாம்பு தெறித்த மாதிரி பொடிப்பொடியாகப் புள்ளிகள்.

எங்கே வெட்டுவது என்பதுதான் முக்கியம். இலையை விடத் தண்டைப் பாருங்கள். பச்சையம் உள்ள திசுவும் இல்லாத திசுவும் ஒரே தண்டில் கோடுகோடாக ஓடுகின்றன. கணுவில் இருக்கும் மொட்டு எந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறதோ, பெரும்பாலும் அந்த நிறம்தான் அதிலிருந்து வரும் கிளைக்கு. நான் இரண்டு நிறமும் சேரும் இடத்தில் மொட்டு உள்ள கணுவைத் தேடி, அதற்குச் சற்று மேலே வெட்டினேன். முழு வெள்ளைத் துண்டைத் தனியாக வளர்க்க ஆசைப்படாதீர்கள். பச்சையம் இல்லாமல் அது தனக்கான உணவைத் தயாரிக்க முடியாது.

சன்னலில் மெல்லிய திரை போட்டிருக்கிறேன். நேர் வெயில் பட்டால் வெள்ளைப் பகுதிதான் முதலில் கருகுகிறது.

அப்புறம், விதை வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். ஆல்போவின் இந்த வெள்ளை விதை வழியே வருமென்று நம்ப முடியாது. கணுவோடு வெட்டிய துண்டாகவே வாங்குங்கள், வாங்கும்முன் தண்டின் படத்தையும் கேளுங்கள்.