பொருள்: ‘உறைதோள்’ சரிதானா? துண்டறிக்கை நாளை அச்சுக்கு

காரைக்குடி, இயன்முறை மருத்துவர்:
ஞாயிறு முகாமுக்குத் துண்டறிக்கை. ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும். தோள்மூட்டைச் சூழ்ந்த உறை அழன்று, தடித்து, சுருங்கிவிடுகிறது, கை நகராது. 40 முதல் 60 வயதுக்காரர்களுக்கும், சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கும் அதிகம். ‘உறைதோள்’ என்று போட்டிருக்கிறேன்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அருமை. வினைத்தொகை, உறைந்த, உறைகின்ற, உறையும் என முக்காலமும் அடங்கும். மூட்டின் ‘உறை’யும் சொல்லுக்கு உள்ளேயே இருக்கிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மேன் 1934இல் வைத்த ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ (உறைந்த தோள்) என்ற பெயரும், இன்னோர் அமெரிக்க மருத்துவர் நெவியாசர் 1945இல் வைத்த ‘ஒட்டிய உறை அழற்சி’யும் நம் ஒரே சொல்லில்! ஜப்பானியர் ‘ஐம்பது வயதுத் தோள்’ என்பார்கள். நிற்க, ‘தோள்பட்டை’ பிழை, ‘தோட்பட்டை’ என்க.

புதுவயல்:
ஐயா, தோட்பட்டை எந்த ஆச்சிக்கு விளங்கும்? உறைதோள் என்றால் மருந்துக்கடையில் முழங்காலுக்கு விற்பது போல மாட்டிக்கொள்ளும் உறை என்பார்கள். ஐம்பது வயது என்று அச்சிட்டாலோ, நோட்டீஸையே வாங்கமாட்டார்கள்.

கானாடுகாத்தான், சித்த மருத்துவர்:
கும்பவாதம் என்று ஏற்கெனவே இருக்கிறதே?

காரைக்குடி:
வாதம் என்று படித்ததும் பக்கவாதம் என்று பயந்து கையை அசைக்காமலே வைத்துக்கொள்வார்கள். அதுதான் கெடுதல். குனிந்து கையை ஊசல் போல ஆட்டவும் சுவரில் விரலால் ஏறவும் அறிக்கையில் சொல்லியிருக்கிறேன். ஸ்டீராய்டு ஊசி ஆரம்பத்தில் வலியைத் தணிக்கும். சர்க்கரை சில நாள் ஏறும் என்பதையும் எழுதியாயிற்று.

பள்ளத்தூர்:
எங்கள் அப்பத்தா பின்கொசுவம் வைத்துக் கண்டாங்கி கட்டியவர். “கொசுவத்துக்குக் கை போகலை” என்பார். டாக்டரும் முதுகுக்குப் பின்னால் கை எட்டுகிறதா என்றுதானே பார்க்கிறார்? ‘தோள்பட்டை இறுக்கம்’ போதும்.

தேவகோட்டை:
எல்லாத் தோள்வலியும் இறுக்கம் ஆகிவிடுமே அம்மா.

காரைக்குடி:
ஆகாது ஐயா. தசைநார் கிழிந்தவருக்குத் தானாகத் தூக்க வராது, நாம் தூக்கினால் பெரும்பாலும் கை உயரும். இதில் நாம் தூக்கினாலும் உயராது. மூட்டுத் தேய்மானத்திலும் இறுகும்தான், அதை எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும். சரி, அச்சகத்திலிருந்து மறுபடி கூப்பிடுகிறார்கள். தலைப்பில் ‘தோள்பட்டை இறுக்கம்’, அடைப்புக்குள் ‘உறைதோள்’.

புதுவயல்:
இசைவு. ஆளை விடுங்கள்.

தேவகோட்டை:
எனக்கு இசைவில்லை, பதிந்துகொள்க. அறிக்கையில் ஓரிடத்தில் ‘மூட்டுறை’, இன்னோரிடத்தில் ‘மூட்டுப்பை’ என்றிருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.