மறு: பள்ளிக்கூட வளைவுக்கு வசூல்

எல்லாருக்கும் வணக்கம்.

நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் அலங்கார வளைவு கட்டுவதற்கு என் பங்கு வரவில்லை என்று பொருளாளர் அண்ணன் இந்தக் குழுவில் மறுபடியும் எழுதியிருக்கிறார். பணம் தருகிறேன் அண்ணே, வளைவுக்குத்தான் தர மாட்டேன். போன மாதம் ஊருக்குப் போன அக்கா, பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நம் தெற்குத்தெருப் பையனைத் திருப்பூர் பஸ்ஸில் பார்த்திருக்கிறாள். மடியில் கட்டைப்பை, மேலே புதுச் சட்டை, கீழே இன்னும் பள்ளிக்கூட பேண்ட். பத்தாவதில் கணக்கு ஒன்றுதான் போச்சாம். பனியன் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது யார் என்று நான் எழுதி வடக்குத்தெருவோடு இன்னொரு பஞ்சாயத்தை இழுக்கப் போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

ஒரு பாடம் போனவனுக்கு உடனேயே துணைத் தேர்வு இருக்கிறது, தேறினால் அதே வருஷம் பிளஸ் ஒன் சேரலாம். அந்தக் கொஞ்ச நாள் அவனைப் பிடித்து உட்கார வைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

"அரசாங்கம்தான் எல்லாம் கொடுக்கிறதே" என்கிறார் மஸ்கட் மாமா. கொடுக்கிறது மாமா, எப்போது என்று பாருங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. சைக்கிள் பிளஸ் ஒன்னில். 2022-ல் வந்த புதுமைப் பெண், 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பது காலேஜ் போன பிறகு. ஒன்பதாவதிலிருந்தே வருஷத்துக்கு 12,000 ரூபாய் தரும் தேசிய வருவாய்வழி உதவித்தொகை ஒன்று உண்டு, ஆனால் அதற்கு எட்டாவதிலேயே பரீட்சை எழுதித் தேற வேண்டும். நம் பிள்ளைகள் எழுதுகிறார்களா என்று இந்தக் குழுவில் யாராவது ஒருநாள் கேட்டிருக்கிறோமா? சத்துணவு, பஸ் பாஸ் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பையன் வீட்டைவிட்டுக் கிளம்பினால்தானே அதெல்லாம்.

நம் காலத்தில் சேர்ந்தாற்போல் நாலு நாள் மட்டம் போட்டால் கணக்கு வாத்தியார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார். அவரைக் கண்டு கொல்லைப்பக்கமாகத் தென்னந்தோப்புக்குள் ஓடினவர்கள்தான் இப்போது வளைவுக்கு டிசைன் அனுப்புகிறார்கள்.

அதே வேலைக்கு ஓர் ஆள் போடுவோம் என்கிறேன். பி.எட். முடித்துவிட்டு ஊரில் சும்மா இருக்கிற பெண்கள் இருக்கிறார்கள், ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவிடம் பேசி, வராத பிள்ளைகள் யார் என்று தினம் கேட்டு, சாயங்காலமே வீட்டுக்குப் போக வேண்டும். ரிசல்ட் வந்த கையோடு துணைத் தேர்வுக்கு விண்ணப்பம் போட வைத்து, எழுதும்வரை பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒன்பதாவது படிக்கும்போதே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிக்கிற வீடுகளுக்கு இன்னும் அடிக்கடி போக வேண்டியிருக்கும், அங்கே பெண் போனால்தான் பேச்சு நடக்கும்.

பக்கத்து ஊரில் வளைவு இருக்கிறது, நமக்கு மானம் போகிறது என்பவர்கள் தனியாகப் பிரித்துக் கட்டிக்கொள்ளுங்கள். கல்வெட்டில் யார் பெயர் மேலே என்ற சண்டையில் என்னை இழுக்க வேண்டாம், என் தங்கச்சி கல்யாணப் பத்திரிகை விஷயத்தையும் அதில் கலக்க வேண்டாம்.

அப்புறம் பொருளாளர் அண்ணே, 2018-ல் கஜா புயலுக்குப் பிறகு பள்ளிக்கூரைக்கென்று பிரித்ததில் மிச்சம் எவ்வளவு என்று சிங்கப்பூர்ச் சித்தப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கணக்கைப் போடுங்கள். மிச்சம் இருந்தால் முதல் மாதச் சம்பளத்தை அதிலிருந்தே கொடுத்துவிடலாம்.