ரங்கநாதனை ஓர் ஆசிரியராக நினைவுகூர என்ன பேசலாம்?

கேட்டவர்: அலமாரி

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கலைக் கல்லூரியில் நூலகராகச் சேர்ந்து இது முதல் வருடம். ஆகஸ்ட் 12 நூலகர் தினத்துக்கு இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதனைப் பற்றி மாணவர்களிடம் கொஞ்ச நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்தவர், நூலகவியலின் ஐந்து விதிகள், புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்க அவர் உருவாக்கிய கோலன் பகுப்பு முறை, 1957-ல் பத்மஸ்ரீ என்று படித்ததெல்லாம் கையில் இருக்கிறது. அதையே ஒப்பித்தால் பிள்ளைகள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். அவரை ஒரு வழிகாட்டியாகக் காட்ட ஆசை. அவரிடமோ அவருடைய மாணவர்களிடமோ படித்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்களேன்.

பதில்: பழைய கேட்டலாக்கர்

வணக்கம்மா. நான் ரங்கநாதனைப் பார்த்ததில்லை. 1972-ல் அவர் காலமானபோது நான் பள்ளிக்கூடப் பையன். ஆனால் எனக்குப் பகுப்பு சொல்லிக்கொடுத்த சார் அவரிடம் படித்தவர். பெங்களூரில் 1962-ல் ரங்கநாதன் தொடங்கிய மையத்தில், டி.ஆர்.டி.சி. என்போமே, ஆவணப்படுத்தல் ஆராய்ச்சி, பயிற்சி மையம், அங்கே. அதனால் எனக்குத் தெரிந்த ரங்கநாதன் எங்கள் சார் வழியாக வந்தவர்தான்.

சார் எங்களுக்கு முதலில் கோலன் அட்டவணையைக் காட்டவே இல்லை. ரெஃபரன்ஸ் மேசைக்கு அனுப்பினார். வருகிறவர்கள் என்ன கேட்கிறார்களோ அதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே நோட்டில் எழுதி வரச் சொன்னார். நாம் திருத்தி எழுதினால் கோபம் வரும். ஒருநாள் பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்து, "தென்னையப் பத்திப் பொஸ்தகம் வேணும்" என்றார். நான் எழுந்து தென்னை அலமாரியைக் காட்டப் போனேன். சார் கை காட்டி நிறுத்திவிட்டு அவரை உட்காரவைத்தார். மரத்தில் எந்த இடத்தில் தொந்தரவு? குருத்தில். என்ன ஆகிறது? வண்டு துளைக்கிறது. வண்டை அழிக்க வழி வேண்டுமா, வராமல் தடுக்க வேண்டுமா? எந்த ஊர்த் தோப்பு? எந்த மாசத்தில் அதிகம்? ஊர்க்கதை பேசுவது போலத்தான் இருந்தது. கடைசியில் அவருக்குக் கிடைத்தது தடிப் புத்தகம் அல்ல. காண்டாமிருக வண்டு பற்றி ஒரு வேளாண் இதழில் வந்த நாலு பக்கக் கட்டுரை. அதை அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு சார் கரும்பலகையில் எழுதினார்: தென்னை, குருத்து, வண்டுத் தாக்குதல், தடுப்பு, பொள்ளாச்சி, மழைக்காலம். "இதுதாம்ப்பா கோலன்" என்றார். ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ரங்கநாதன் பிரித்த ஐந்து முகங்கள், அதாவது ஒரு விஷயத்தைப் பார்க்கும் ஐந்து கோணங்கள், அன்றைக்குத்தான் எனக்குள் இறங்கின. அதற்கு முன்னால் அவற்றை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். இன்றைக்கு நம் நூலகங்களில் பெரும்பாலும் டியூயி என்ற இன்னொரு பகுப்பு முறைதான். இருக்கட்டும். வாசகரிடம் பேசும்போது எனக்கு இப்போதும் சாரின் அந்தக் கேள்விகள்தான் வருகின்றன.

இன்னொன்றையும் அவசியம் சொல்லுங்கள். 1928-ல் ரங்கநாதன் தன் அனுபவத்தையெல்லாம் சில அடிப்படை விதிகளாகச் சுருக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். அப்போது நூலகத்துக்கு வந்தவர் எட்வர்டு ராஸ். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அவருக்குக் கணிதம் சொல்லித்தந்த பேராசிரியர். மாணவனுடைய முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டவர், 'புத்தகங்கள் பயன்பாட்டுக்கே' என்பதுதானே உன் முதல் விதி என்றார். மற்ற விதிகள் அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டன. பிற்பாடு இதை ரங்கநாதனே மறைக்காமல் எழுதிவைத்தார். உலகமே தன் பேரால் சொல்லும் விதியில் முதல் வாசகம் தன் வாத்தியாருடையது என்று சொல்ல ஒரு மனசு வேண்டும். எங்கள் சார் இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் குரல் கம்மும்.

பதில்: குரோய்டன்

ஐயா சொன்னதோடு ரங்கநாதனுடைய லண்டன் வாத்தியார் சேயர்ஸையும் சேருங்கள். ராஸ் அளவுக்கு அவருக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக உட்கார்ந்தபோது ரங்கநாதனுக்கு அந்த வேலை பிடிக்கவே இல்லை. பேச ஆளில்லாத தனிமை. சில நாளிலேயே மாநிலக் கல்லூரிக்குத் திரும்பி வகுப்பெடுக்கிறேன் என்று போய் நின்றார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். அங்கே பகுப்பு பாடம் எடுத்தவர் பெர்விக் சேயர்ஸ், குரோய்டன் நூலகத்தின் தலைமை நூலகர். இந்த மாணவர் கேள்வி கேட்பவர், இருக்கிற முறைகளில் திருப்திப்படாதவர் என்று அவருக்குப் புரிந்தது. தன் நூலகத்திலேயே வேலை பழகவிட்டார். ஊர் ஊராகப் போய் மற்ற நூலகங்களையும் பார்க்கவைத்தார்.

செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்து கோலன் தோன்றிய கதையை எல்லாரும் சொல்வார்கள். ஒரே துண்டுகளை ஆணியும் திருகும் போட்டு விதவிதமாகப் பூட்டலாம் என்பது கண்ணில் பட்டது. நல்ல கதைதான். ஆனால் அந்தக் கடைக்குள் போவதற்கு முன்பே, டியூயியின் இறுக்கம் போதாது என்று கேட்கும் துணிச்சலை வகுப்பில் யாரோ அனுமதித்திருக்க வேண்டும் அல்லவா? 1925-ல் ஊர் திரும்பும்போது கப்பல் நூலகத்துப் புத்தகங்களைத் தன் புது முறையில் பகுத்துப் பார்த்தார். வேலை பிடிக்காமல் ஓடப் பார்த்த மனிதர் அவர்! பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், அவர்களுக்குப் பிடிக்கும்.

பதில்: ஊர்ப்புற நூலகர்

நான் பகுப்புக்குள் எல்லாம் போகமாட்டேன், கிளை நூலகம் பார்ப்பவன். மன்னார்குடி மேலவாசலில் 1931-ல் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகத்தை ஊர்களுக்குக் கொண்டுபோனார். அதே வருடம்தான் சென்னை நூலகச் சங்கம் ஐந்து விதிகளைப் புத்தகமாகப் போட்டது. உங்கள் கல்லூரியில் டெல்டாப் பிள்ளைகள் இருந்தால் வண்டியைச் சொல்லுங்கள், நம்ம ஊர்க் கதை என்று நிமிர்ந்து உட்காருவார்கள். அப்புறம் 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம். வீட்டு வரியோடு வசூலாகும் நூலக வரி அதிலிருந்து வந்தது. என் நூலகத்துக்கு இன்றைக்கும் பேப்பர் வருகிறது என்றால் அந்தச் சட்டத்தால்தான். அதற்காகப் பல வருடம் அலைந்தவர் ரங்கநாதன்.

கேட்டவர்: அலமாரி

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. ராஸில் தொடங்கி, தென்னைக் குருத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன். ஐயா, ஒரு சந்தேகம். ஐந்து முகங்களைப் பலகையில் எழுதிவிட்டு விவசாயி கதையைச் சொல்லவா, கதை முடிந்தபிறகு எழுதவா?

பதில்: பழைய கேட்டலாக்கர்

கதை முடிந்தபிறகும்மா. அதுகூட நீங்கள் எழுத வேண்டாம். முன்வரிசையில் ஒரு பையனிடம் சாக்பீஸைக் கொடுத்து, அந்த விவசாயி சொன்னதில் எது இடம், எது காலம் என்று அவனையே பிரிக்கச் சொல்லுங்கள். தப்பாகப் பிரித்தால் உடனே திருத்தாதீர்கள், கூட்டத்திலேயே யாராவது எழுந்து சொல்வார்கள்.