தெற்கு கலிஃபோர்னியாவில் குடும்பத்தோடு போக கிறிஸ்தவ ஆஃப்ரோடு குழு இருக்கிறதா?

கொரோனா_4ரன்னர்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது ரிவர்சைடு பக்கம், கொரோனாவில். சொந்த ஊர் பாளையங்கோட்டை. போன வருடக் கடைசியில் பழைய டொயோட்டா 4ரன்னர் ஒன்று வாங்கினேன். ஃபோர் வீல் டிரைவ்தான், ஆனால் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. வண்டியை உயர்த்துகிற லிஃப்ட், கயிறு சுற்றி இழுக்கிற விஞ்ச் எதுவும் போடவில்லை.

இங்கே பக்கத்தில் உள்ள ஒரு கிளப்போடு மலை மண்பாதையில் போய்ப் பார்த்தோம். வண்டி ஓட்டுவதில் கெட்டிக்காரர்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மத்தியானமே பீர் டின்னைத் திறந்துவிட்டார்கள். ஒரு கையில் டின், இன்னொரு கையில் ஸ்டீயரிங். பின்சீட்டில் பதினோரு வயதுப் பையன். வண்டிக்கு வண்டி பேசுகிற ரேடியோவில் அவர்கள் பேசியதையெல்லாம் அவனும் கேட்டுக்கொண்டு வந்தான். "இந்தக் கூட்டத்தோடு இனிமேல் வேண்டாம்" என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அதோடு அவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் கிளம்புகிறார்கள். எங்களால் ஞாயிறு ஆராதனையை விட முடியாது.

லாஸ் ஏஞ்சலஸ், ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ வட்டாரத்தில் குடும்பத்தோடு போகிற கிறிஸ்தவக் குழுக்கள் உண்டா? எங்கே தேடுவது? இந்த வண்டிக்கு எந்தப் பாதைகள் தாங்கும்? நாங்கள் சிஎஸ்ஐ, ஆனால் எந்தச் சபைக்காரர்களாக இருந்தாலும் சரிதான்.

நாசரேத்காரன்

தம்பி, நம்ம ஊர்ப் பக்கம்தானா, சந்தோஷம். நான் ராஞ்சோ குகமோங்காவில் இருக்கிறேன். இந்த மலைகளில் ரொம்ப காலமாக ஜீப் ஓட்டுகிறேன்.

குழுக்கள் இருக்கின்றன. ஆனால் கூகுளில் தேடினால் வருகிற பக்கங்களில் பாதி உயிரோடு இல்லை. கடைசியாகப் போட்ட பயணப் படம் எந்த வருடத்தது என்று முதலில் பாருங்கள், பழசாக இருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். உயிரோடு இருக்கிறவை பெரும்பாலும் தனி கிளப்பாக இருக்காது. பெரிய சபைகளின் ஆண்கள் ஐக்கியத்துக்குள் ஏழெட்டு வண்டிக்காரர்கள் வாட்ஸ்அப்பில் கூடிக்கொள்வார்கள், அவ்வளவுதான். கோஸ்டா மேசாவில் ஆரம்பித்த கால்வரி சேப்பல் சபைகள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கின்றன, லேக் ஃபாரஸ்டில் சேடில்பேக் சபை இருக்கிறது. நீங்கள் அங்கே ஆராதனைக்குப் போகிறவராக இருக்க வேண்டும் என்றில்லை. ஆபீசுக்குப் போன் போட்டு, மென்ஸ் மினிஸ்ட்ரியில் ஜீப்காரர்கள் யாராவது சேர்ந்து போகிறார்களா என்று கேளுங்கள். வெப்சைட்டில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மலையில் யாருக்காவது கை கால் போனால் பொறுப்பு யார் என்ற கேள்வி வரும். அதனால் இதையெல்லாம் சபையின் பெயரில் எழுதிப் போடத் தயங்குவார்கள். ஃபேஸ்புக்கில் தேடுவதானால் "ஜீப் மினிஸ்ட்ரி", "ஃபோர் பை ஃபோர் ஃபெலோஷிப்" என்று போட்டு, கூடவே ஊர்ப் பெயரையும் சேருங்கள்.

இன்னொரு வழி, கலிஃபோர்னியா ஃபோர் வீல் டிரைவ் அசோசியேஷன். சுருக்கமாக கால்ஃபோர்வீல் என்பார்கள். அதில் சேர்ந்துள்ள கிளப்களில் குடும்பத்தோடு போகிறவையும் உண்டு. போன் போட்டு, பயணம் முடியும் வரை குடி கிடையாது என்று விதி இருக்கிறதா, சனிக்கிழமை கிளம்புகிறார்களா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். ஆமாம் என்றால் உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வண்டியில் கிறிஸ்தவ அடையாளமான மீன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்பதற்காக யாரையும் நம்பிப் போகாதீர்கள். புதிதாக வந்தவனுடைய வண்டி மணலில் புதைந்தால் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். விவரம் தெரிந்தவர்கள் முதலில் பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்துவார்கள். அப்புறம் கயிற்றை, வண்டியின் அடிச்சட்டத்தில் இழுப்பதற்கென்றே உள்ள ரெக்கவரி பாயின்ட்டில் மாட்டுவார்கள். டிரெய்லர் இழுக்கிற ஹிட்ச் பந்தில் ஒருநாளும் மாட்ட மாட்டார்கள். இழுக்கிற வேகத்தில் அந்தப் பந்து பிய்த்துக்கொண்டால் கண்ணாடியைத் துளைத்து ஆளைக் கொன்றுவிடும். உருக்கமாக ஜெபம் பண்ணிவிட்டு ஹிட்ச் பந்தில் கயிறு மாட்டிய கூட்டத்தையும் நான் பார்த்திருக்கிறேன். நான் இறங்கி நடந்துவிட்டேன்.

பாதைக்கு வருவோம். முதலில் கிளெக்ஹார்ன் போங்கள், காட்டிலாகா எண் 2என்47. சில்வர்வுட் ஏரிக்கும் 15ஆம் நெடுஞ்சாலைக்கும் நடுவே மலை முதுகில் ஏறிப் போகிறது. மெயின் பாதை உங்கள் வண்டிக்கு ஒன்றுமே இல்லை. பக்கத்தில் சின்னச் சின்னக் கிளைகள் பிரிந்து மறுபடியும் மெயின் பாதையிலேயே வந்து சேரும், அவைதான் கஷ்டம். கூட வருகிறவர் கீழே நின்று கை காட்டினால் ஒன்றிரண்டில் ஏறிப் பார்க்கலாம். மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டுகிற 4எல் கியர் என்ன செய்யும் என்று அப்போதுதான் தெரியும்.

அடுத்தது பிக் பேர் பக்கத்தில் 3என்16. ஹோல்கம் பள்ளத்தாக்கு வழியாகப் போகிற மண் ரோடு. 1860இல் பில் ஹோல்கம் என்கிறவர் அங்கே தங்கத்தைக் கண்டுபிடித்தார். சுரங்கக்காரர்கள் விட்டுப்போன மரவீடும் குழிகளும் இன்னும் இருக்கின்றன, பையனுக்குப் பிடிக்கும். ஆனால் அந்தப் பகுதியில் 3என்10 ஜான் புல், 3என்69 கோல்ட் மவுண்டன், 3என்93 ஹோல்கம் க்ரீக் என்ற போர்டுகளைப் பார்த்தால் ஆசைப்பட்டுத் திரும்பிவிடாதீர்கள். தலையளவு பாறைகள். லிஃப்ட் இல்லாத வண்டியின் வயிறு கிழியும்.

டயரில் காற்று 35 பிஎஸ்ஐ இருந்தால் மண்ணில் இறங்கும் முன் 20க்குக் குறையுங்கள். பிடிமானமும் வரும், குலுக்கலும் அடங்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றடிக்க சின்ன கம்ப்ரசர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். ரேடியோவுக்கு ஜிஎம்ஆர்எஸ் லைசென்ஸ் எடுங்கள்: 35 டாலர், பத்து வருடத்துக்குச் செல்லும், பரீட்சை கிடையாது, வீட்டில் எல்லோரும் அதிலேயே பேசலாம்.

சும்மா_ஒருவன்

மலையில் வண்டி ஓட்டுவதற்கு மதம் எதற்கு என்று புரியவில்லை. நான் சாமி கும்பிடாதவன். எங்கள் கிளப்பில் யார் எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை, குடித்துவிட்டு ஓட்டினால் அன்றோடு சரி. சட்டமும் அப்படித்தான்: கலிஃபோர்னியாவில் குடித்துவிட்டு ஓட்டுவது தார் ரோட்டில் மட்டுமல்ல, காட்டுப் பாதையிலும் குற்றம். நீங்கள் தேட வேண்டியது ஒழுங்கான கிளப்பை. கிறிஸ்தவ கிளப்பை அல்ல.

நாசரேத்காரன்

நியாயமான பேச்சு. ஒழுங்கு மட்டும்தான் வேண்டுமென்றால் உங்கள் கிளப்பே போதும், நானே அனுப்புவேன். ஆனால் தம்பி கேட்பது அது மட்டுமில்லை. ராத்திரி தங்குகிற பயணத்தில் ஞாயிறு காலை வருமே, அப்போது என்ன செய்வது? எங்கள் ஆட்கள் மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். யாரோ ஒருவருடைய பானெட்டின் மேல் வேதாகமம் இருக்கும், காற்றில் பக்கம் புரளாமலிருக்க அதன்மேல் டயர் பிரஷர் கேஜ். கிடார் இருந்தால் பாட்டு, இல்லாவிட்டாலும் பாட்டு. முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு டென்ட்டை மடக்கப் போய்விடுவோம். இது வேண்டும் என்கிறவனுக்கு வேறு கிளப்பில் கிடைக்காது. வேண்டாம் என்றால் ஒரு நஷ்டமும் இல்லை.

பாலைவனக்_கத்தோலிக்கன்

ஃபீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன். ஒரு எச்சரிக்கை. கொஞ்ச நாளில் யாராவது உங்களை யூட்டாவில் உள்ள மோவாபுக்குக் கூப்பிடுவார்கள், ஈஸ்டர் ஜீப் சஃபாரி என்று. பெயரைப் பார்த்து ஏதோ நம்ம ஆட்கள் நடத்துவது என்று நினைத்துவிட வேண்டாம். 1967இல் அந்த ஊர் வணிகர் சங்கம் ஆரம்பித்தது, இப்போது ரெட் ராக் ஃபோர் வீலர்ஸ் என்ற கிளப் நடத்துகிறது. ஒன்பது நாள் நடந்து ஈஸ்டர் ஞாயிறோடு முடியும். அதாவது புனித வாரம் முழுக்க. பெரிய வெள்ளி மத்தியானம் மூன்று மணிக்கு சிலுவைப்பாதையில் நிற்க வேண்டிய நேரத்தில் சிவப்புப் பாறையில், கீழே நின்று கை காட்டுகிற ஸ்பாட்டருக்காகக் காத்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. என் மைத்துனன் போய்விட்டு ஈஸ்டர் காலை அங்கேயே கோவிலுக்குப் போகிறான். அவன் கணக்கு அவனுக்கு.

மோவாப் எங்கேயும் போய்விடாது. அக்டோபரில் போங்கள். கூட்டமும் குறைவு, வெயிலும் தணிந்திருக்கும்.

லேக்_ஃபாரஸ்ட்_அம்மா

தம்பி, அண்ணன்மார் எல்லாம் பாறையைப் பற்றியே பேசுகிறார்கள். பிள்ளையோடு போகிறவர்களுக்கு நான் சொல்கிறேன். பையனைப் பின்சீட்டில் போனைப் பார்க்க விடாதீர்கள், மலைத்திருப்பத்தில் வாந்தி நிச்சயம். முன்னால் ரோட்டைப் பார்க்கட்டும், இல்லாவிட்டால் மேப்பை அவன் கையில் கொடுத்து வழி சொல்லச் சொல்லுங்கள். காட்டிலாகாவின் மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப் இலவசம், எந்தப் பாதை எந்த வண்டிக்குத் திறந்திருக்கிறது என்று அதில் இருக்கும். சிக்னல் போய்விடும், வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். புளிசாதமும் நிறையத் தண்ணீரும். கழிப்பறை இருக்காது, அதற்கு வேண்டியதைக் கொண்டு போங்கள், குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

ஆட்களைப் பிடிக்க எங்களுக்கு உதவியது குடும்ப முகாம்கள். ஃபாரஸ்ட் ஃபால்ஸில் ஃபாரஸ்ட் ஹோம் என்று ஒன்று இருக்கிறது, 1938இல் ஹென்ரியட்டா மியர்ஸ் அம்மையார் தொடங்கியது. 1949இல் லாஸ் ஏஞ்சலஸ் நற்செய்திக் கூட்டங்களுக்கு முன்னால், வேதத்தைப் பற்றிய தன் சந்தேகத்தோடு பில்லி கிரஹாம் தனியே நின்று ஜெபித்ததும் அந்த மலையில்தான். அங்கே பல சபைக் குடும்பங்கள் வரும். பார்க்கிங்கில் சேறு படிந்த வண்டியைப் பார்த்தால் போய்ப் பேசுங்கள். என் வீட்டுக்காரர் இப்போது போகிற குழு அப்படிக் கிடைத்ததுதான்.

கொரோனா_4ரன்னர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பக்கத்துச் சபை ஒன்றுக்குப் போன் போட்டேன், வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜெபக்கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே மூன்று பேர் ஜீப் வைத்திருக்கிறார்களாம். அண்ணாச்சி, இன்னொரு கேள்வி. பாலைவனத்தைக் கடக்கிற மோஹாவி ரோடு, மோஹாவி ரோடு என்கிறார்களே, இந்த வண்டியில் போக முடியுமா? நாங்கள் மட்டும் தனியாக?

நாசரேத்காரன்

வண்டி போகும். தனியாக வேண்டாம். ஏறக்குறைய 140 மைல், கொலராடோ ஆற்றங்கரையிலிருந்து மேற்கே ஆஃப்டன் கேன்யன் தாண்டி வருகிறது, இரண்டு மூன்று நாள் வேண்டும். நடுவில் பெட்ரோல் கிடையாது. குறைந்தது இரண்டு வண்டி, அதில் ஒன்றாவது அந்த வழி தெரிந்தவருடையது. குளிர்காலத்தில் போங்கள், மே தாண்டினால் நினைக்கவே வேண்டாம்.

போகும்போது கொஞ்சம் விலகி சிமா ரோட்டில் சன்ரைஸ் ராக்கைப் பார்த்துவிட்டு வாருங்கள். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1934இல் முன்னாள் படைவீரர்கள் அந்தப் பாறையின் மேல் ஒரு சிலுவை நட்டார்கள். பிறகு, அரசு நிலத்தில் சிலுவை இருக்கலாமா என்று வழக்கு. வழக்கு முடிகிற வரை அதைப் பலகைப் பெட்டி போட்டு மூடி வைத்திருந்தார்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் அதை உடனே அகற்றத் தேவையில்லை என்கிற மாதிரி தீர்ப்புச் சொன்ன சில நாட்களிலேயே யாரோ ராத்திரியில் சிலுவையைத் திருடிவிட்டார்கள்! நிலத்தைத் தனியாருக்குக் கைமாற்றி, 2012 நவம்பரில் புதிதாக நட்டார்கள். சும்மா வெள்ளைக் குழாய்ச் சிலுவைதான், பெரிசாக ஒன்றும் இல்லை. எங்கள் குழு அங்கே நின்று ஒரு பாட்டுப் பாடாமல் போவதில்லை. சுற்றியிருந்த ஜோஷுவா மரங்களில் ஏராளமானவை 2020 ஆகஸ்ட் தீயில் போய்விட்டன.

மேற்கே சோடா ஏரி வரும், வறண்ட ஏரி. மழை பெய்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தால் அதில் இறங்காதீர்கள், சுற்றிப் போங்கள். மேலே வெள்ளையாகக் காய்ந்த மாதிரித் தெரியும், கீழே களிச்சேறு. அச்சு வரை இறங்கினால் இழுக்க வருகிற வண்டியும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை அந்த மூன்று பேரைப் பார்க்கும்போது, ஏரியை எந்த மாதத்தில் கடந்தார்கள் என்று கேளுங்கள். பதிலை வைத்தே ஆட்களை எடைபோட்டுவிடலாம்.