பழைய மெட்ராஸ் பஸ் படங்கள்: ஆண்டையும் ரூட்டையும் கண்டுபிடிப்பது எப்படி?

பெரம்பூர்29சி எழுதியது:

வணக்கம். சென்னை நகரப் பேருந்துகளின் பழைய படங்கள் நான்கும் ஒரு டிக்கெட்டும் இருக்கின்றன. எதிலும் தேதி இல்லை. எந்தக் காலம், எந்த ரூட் என்று சரியான குறிப்பு எழுதி ஆவணமாக வைக்க வேண்டும்.

படம் 1: கலர். ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டபுள் டக்கர். பக்கவாட்டில் 'பல்லவன்' என்பது பாதி தெரிகிறது. போர்டில் 18 மட்டும் படிக்க முடிகிறது, அதற்கடுத்த எழுத்தை மரக்கிளை மறைக்கிறது.

படம் 2: கறுப்பு வெள்ளை. மவுண்ட் ரோடு, பின்னால் எல்.ஐ.சி. கட்டடம். நம்பர் பிளேட் 'எம்.எஸ்.' என்று தொடங்குகிறது.

படம் 3: கலர்தான், ஆனால் மொத்தமும் செம்பழுப்பாகிவிட்டது. பஸ்ஸில் டாக்டர் அம்பேத்கர் பெயர் இருக்கிறது. போர்டு வெள்ளையா மஞ்சளா என்று தெரியவில்லை.

படம் 4: கறுப்பு வெள்ளை, பாரிமுனைப் பக்கம். சாலையில் டிராம் தண்டவாளம் இருக்கிறது. டிராம் இல்லை, ஒரு பஸ் போகிறது.

டிக்கெட்: மெல்லிய தாள், '6 ந.பை.' என்று அச்சு.

இன்னொன்று. 1970-களின் ரூட் மேப்பைத் திரும்ப வரைய வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

டெர்மினஸ் எழுதியது:

வண்டியின் உடம்பில் எழுதியிருக்கும் பெயரிலிருந்து தொடங்குங்கள் சார். சென்னையைப் பொறுத்தவரை அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அரசு 1947-ல் 30 வண்டிகளோடு பஸ் ஓட்ட ஆரம்பித்தது. 1971 முடியும் வரை அது அரசுத் துறை. 1972 ஜனவரி 1 அன்று 1,029 வண்டிகளோடு பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1994-ல் வடசென்னையைத் தனியே பிரித்து டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் ஆக்கினார்கள். 1997 ஜூலை 1 முதல் இரண்டு பெயர்களும் போய், மாநகர் போக்குவரத்துக் கழகம் கோட்டம் 1, கோட்டம் 2 என்று ஆயின. 2001 ஜனவரியில் இரண்டையும் மறுபடி ஒன்றாக்கினார்கள். 1997-ல் பெயர் மாறியது சென்னைக்கு மட்டும் நடந்ததல்ல. தெற்கே ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டி மோதல்கள் வந்தன. அதன் பிறகு பாண்டியன், சேரன், சோழன், கட்டபொம்மன் என்று எல்லாக் கழகங்களின் பெயரையும் அரசு எடுத்துவிட்டது.

இதில் ஒரு பிசகு வரும். பெயர் மாற்றும் ஆணை வந்த மறுநாளே எல்லா வண்டிக்கும் பெயின்ட் அடித்துவிட முடியாது. முழு பெயின்ட் வேலை பொதுவாக எப்.சி.க்கு, அதாவது வாகனத் தகுதிச் சான்றுக்குப் போகும்போதுதான் நடக்கும். அதனால் பழைய பெயரோடு வண்டி இன்னும் சில மாதம் ஓடியிருக்கும். ஒவ்வொரு காலத்தின் கடைசியிலும் ஓராண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்துக்கு அது வேண்டாம், வராத பெயரை முன்கூட்டியே யாரும் எழுத மாட்டார்கள்.

இந்தக் கணக்குப்படி படம் 3 1994-க்கும் 1998-க்கும் நடுவில். நான்கு படங்களில் இதுதான் சுலபம்.

படம் 2-ல் எல்.ஐ.சி. கட்டடம் முழுதாக எழும்பி நிற்கிறதா பாருங்கள். 1959 ஆகஸ்டில் திறந்தது அது. சாரம் கட்டியிருந்தால் அதற்கு முன். 'எம்.எஸ்.' பிளேட் மதராஸ் மாநிலக் காலத்துப் பதிவு. 1969 ஜனவரியில் மாநிலம் தமிழ்நாடு ஆனது. ஆனால் பிளேட் சொல்வது வண்டி பதிவான காலத்தை மட்டும்தான், படம் எடுத்த காலத்தை அல்ல. 1965-ல் பதிவான வண்டி 1973-லும் ஓடும். ஆகவே பக்கவாட்டில் பல்லவன் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதுதான் இங்கே மேல் எல்லை. இல்லையென்றால் 1959 முதல் 1972 வரை என்று எழுதலாம். வாலாஜா சாலை சந்திப்பும் படத்துக்குள் விழுந்திருந்தால் அண்ணா சிலையைத் தேடுங்கள். 1968 தொடக்கத்தில் வைத்தது. ஒரே பார்வையில் காலம் பாதியாகிவிடும்.

படம் 1-க்கு நிதானம் வேண்டும். ஜெமினி மேம்பாலம் 1973, அது கீழ் எல்லை. டபுள் டக்கர் சென்னையில் இரண்டு சுற்று ஓடியது. 1970-களில் வந்து பத்தாண்டு போல ஓடி நின்றது முதல் சுற்று. 1997-ல் மறுபடி வந்து 2008 வரை ஹைகோர்ட் - தாம்பரம் ஓடியது இரண்டாவது. போர்டில் 18 பார்த்ததும் 18ஏ, தாம்பரம் என்று எழுதிவிடத் தோன்றும், எழுதிவிடாதீர்கள். பிளேட்டைப் பாருங்கள். மூன்று எழுத்து, நான்கு இலக்கம் என்றால் பழைய பதிவு, முதல் சுற்று. 'டி.என். 01 என்' என்றால் 1989 மோட்டார் வாகன விதிகளுக்குப் பிந்தைய பதிவு, இரண்டாம் சுற்று. அந்தப் பிளேட்டோடு பல்லவன் பெயரும் சேர்ந்து இருந்தால் படம் 1997-ஐ ஒட்டிய சில மாதங்களுக்குள் அடங்கிவிடும். அப்படியொரு படம் அபூர்வம், பத்திரமாக வையுங்கள்.

கிளை மறைப்பது பற்றி ஒரு வார்த்தை. சாதாரண பஸ்ஸுக்கு 1989 விதிகள் வைத்த உயர வரம்பு 3.8 மீட்டர், டபுள் டக்கருக்கு 4.75 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வித்தியாசம். மேல்தள முன்கண்ணாடி போய் மோதுவது சாலையோர மரக்கிளையிலும் தாழத் தொங்கும் வயரிலும்தான். அதனால் கிளை வெட்டிப் பராமரிக்கிற பெரிய சாலைகளுக்கு வெளியே இந்த வண்டியை விட முடியாது. டிப்போவில் வேறு வண்டி இல்லையென்று ஏதோ ஒரு ரூட்டுக்கு மாற்றி அனுப்புவதும் இதில் நடக்காது.

நெகட்டிவ்பெட்டி எழுதியது:

ஸ்கேன் வேலையை ஒழுங்காகச் செய்தால் இந்தச் சந்தேகங்களில் பாதி தீரும்.

அஞ்சலட்டை அளவு பிரின்ட் என்றால் 600 டி.பி.ஐ. போதும், 1,200 வைத்தால் தாளின் சொரசொரப்புதான் கூடும். நெகட்டிவ் இருந்தால் பிரின்ட்டைத் தொடாமல் அதையே 2,400-க்குக் குறையாமல் எடுங்கள். டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் சுருக்கத்தில் முதலில் சிதைவது நம்பர் பிளேட் மாதிரி சின்ன எழுத்துகள்தான். ஸ்கேனரில் தானியங்கிக் கலர் திருத்தம், ஷார்ப்பன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். 3-ஐ 8 ஆக்கி, 1-ஐ 7 ஆக்கி ஏமாற்றுவது அந்த ஷார்ப்பன்தான்.

படம் 3 ஏன் செம்பழுப்பானது என்றால், அந்தக் காலக் கலர் பிரின்ட்டில் மூன்று சாயங்கள் உண்டு: நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள். ஆல்பத்துக்குள் இருட்டில் கிடந்தாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துப்போகும், மிச்சம் இரண்டும் சேர்ந்து படம் சிவக்கும். அதனால் பஸ்ஸின் நிறத்தை வைத்துக் காலம் சொல்லவே கூடாது. பச்சை வண்டி பழுப்பாகத் தெரியும்.

ஆனால் உங்கள் போர்டு கேள்விக்கு வழி இருக்கிறது. ஸ்கேனை கிம்ப் மாதிரி ஒரு மென்பொருளில் திறந்து, சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களில் நீலத்தை மட்டும் வைத்துப் பாருங்கள். வெளுத்த சாயம் கெடுத்திருப்பது சிவப்புச் சேனலை. நீலச் சேனல் மஞ்சள் சாயத்தைப் பொறுத்தது, அது ஓரளவு சரியாகவே இருக்கும். அதில் மஞ்சள் போர்டு நன்றாகக் கறுத்துத் தெரியும், வெள்ளைப் போர்டு வெளுப்பாக நிற்கும். ஒப்பிட அதே படத்தில் உறுதியாக வெள்ளையான ஒரு பொருள் வேண்டும். பஸ் ஸ்டாப்பில் நிற்பவரின் வேட்டி சரியாக இருக்கும், ஆனால் அவர் பஸ் நிற்கும் அதே வெயிலில் நிற்க வேண்டும், நிழலில் நிற்பவரை எடுத்தால் கணக்குத் தப்பும். வேட்டியைவிடப் போர்டு தெளிவாகக் கறுப்பென்றால் மஞ்சள் போர்டு, எல்.எஸ்.எஸ். வண்டி, அதாவது சில ஸ்டாப்களில் மட்டும் நிற்பது. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் சாதா வண்டி. கறுப்பு வெள்ளைப் படத்தில் இந்த வித்தை பலிக்காது. அந்த பிலிமிலேயே மஞ்சள் கிட்டத்தட்ட வெள்ளையாகத்தான் பதிந்திருக்கும்.

எழுத்து எதுவும் படிக்க முடியாத படமென்றால் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று பாருங்கள். நம் ஊர் பஸ்ஸில் அது இடது பக்கம். வலது பக்கம் தெரிந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரின்ட் எடுத்திருக்கிறார்கள். சாலையையும் திசையையும் தலைகீழாகக் குறித்துவைத்த படங்கள் இணையத்தில் சுற்றுவது இதனால்தான்.

சினிமா ஸ்டில்லை மட்டும் ஆதாரமாக எடுக்காதீர்கள். படப்பிடிப்புக்கு எந்த நம்பர் போர்டையும் மாட்டுவார்கள்.

கெசட்வாசகர் எழுதியது:

டிக்கெட் முதலில். தசம நாணயம் 1957 ஏப்ரல் 1 அன்று வந்தது. பழைய காசிலிருந்து பிரித்துக்காட்ட அப்போது 'நயா பைசா' என்றார்கள். 1964 ஜூன் 1 முதல் 'நயா' போய் வெறும் பைசா. ஆகவே '6 ந.பை.' அச்சிட்டது அந்த ஏழாண்டுக்குள். கையிருப்புக் கட்டு தீரும்வரை கொடுத்திருப்பார்கள் என்பதால் மேல் எல்லையைக் கொஞ்சம் தளர்த்தலாம். ஓர் அணா என்பது 6.25 நயா பைசா, முழுதாக்கினால் 6. பழைய ஓரணாக் கட்டணமே உருமாறி வந்திருக்க வாய்ப்புண்டு, அப்படியானால் 1957-ஐ ஒட்டியது. ஆனால் இது ஊகம், குறிப்பில் ஊகம் என்றே எழுதுங்கள். டிக்கெட்டில் வரிசையாக இருக்கும் சிறு எண்கள் ஸ்டேஜ் எண்கள், அதாவது கட்டணம் கணக்கிடும் கட்டங்களின் எண்கள். ரூட் நம்பர் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி ரூட் மேப். நம்பரிலிருந்து தொடங்கினால் சிக்கிக்கொள்வீர்கள். ஒரே நம்பர் காலப்போக்கில் நீளும், குறையும், முனை மாறும். ஏ, பி, சி எழுத்துகள் ஒரே குடும்பத்துக் கிளைகள். பெரும்பகுதி ஒரே தடமாகப் போய், எங்கோ பிரிந்து வேறு முனையில் முடியும். உங்கள் பெயரிலேயே இருக்கும் 29சி பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும், 29ஏ அதே பெரம்பூரில் கிளம்பி அண்ணா சதுக்கத்தில் முடியும். அதனால் முனைகள், வழி, ஸ்டேஜ்கள், பிறகு நம்பர் என்ற வரிசையில் போங்கள்.

முனைப்பெயரே காலம் சொல்லும். 'அண்ணா சதுக்கம்' என்றிருந்தால் 1969-க்குப் பின். 'வள்ளுவர் கோட்டம்' 1976-க்குப் பின். 'கோயம்பேடு மார்க்கெட்' 1996-க்குப் பின், 'கோயம்பேடு பஸ் நிலையம்' 2002 நவம்பருக்குப் பின். இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறவர்கள் அதிகம். 'மூர் மார்க்கெட்' என்ற ஸ்டாப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். கட்டடம் 1985 மே மாதம் எரிந்தாலும் பெயர் மக்கள் வாயில் ஓடிக்கொண்டே இருந்தது. ஹைகோர்ட், பிராட்வே, பாரிமுனை எல்லாம் ஒரே வட்டாரம். ஒரு பட்டியலில் ஹைகோர்ட், இன்னொன்றில் பிராட்வே என்று இருப்பதை வைத்து ரூட் மாறிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

வரையும்போது இன்றைய வரைபடத்தின் மேல் வரையக் கூடாது. 1970-களின் நகர வரைபடம் ஒன்றை ஸ்கேன் செய்து அடியில் வைத்து, சந்திப்புகளைப் பொருத்தி, அதன்மேல் கோடு போடுங்கள். கத்திப்பாரா மேம்பாலம் 2008. இன்றைய வரைபடத்தில் வரைந்தால் கிண்டியிலிருந்து பரங்கிமலைப் பக்கம் திரும்பும் இடமே தப்பாக விழும். ஒருவழிச் சாலைகளில் போகும் தடமும் திரும்பும் தடமும் வேறு, இரண்டு கோடு வேண்டும்.

ஆவணங்களுக்கு எழும்பூரில் இரண்டு இடங்கள்: தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம். காப்பகத்தில் போக்குவரத்து பற்றிய அரசாணைகளைக் கேளுங்கள். கன்னிமாராவில் பழைய நாளிதழ்க் கட்டுகள். புது ரூட் அறிவிப்பும் கட்டண மாற்றமும் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில் வரும். அரசிதழில் 1956 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, தனியார் தடங்களை அரசு எடுத்துக்கொள்ளும் தேசியமயத் திட்டங்கள் 'எங்கிருந்து, எதுவரை, எந்த வழி' என்று அச்சாகியிருக்கும். நகருக்குள் அரசு வண்டி முன்பே வந்துவிட்டதால் வெளியூர், புறநகர்த் தடங்களுக்குத்தான் அவை அதிகம் பயன்படும்.

தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் பல்லவன் சாலை, பல்லவன் இல்லம் முகவரிக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனு, 30 நாளில் பதில் வர வேண்டும். 'பழைய ரூட் வரலாறு வேண்டும்' என்று எழுதினால் 'தொகுக்கப்பட்ட தகவல் இல்லை' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். 'தடம் எண் இன்னது, இன்ன ஆண்டு, ஸ்டேஜ் பட்டியலின் நகல்' என்று இருக்கும் காகிதத்தைக் குறித்துக் கேளுங்கள். ஒரு மனுவில் இரண்டு மூன்று தடத்துக்கு மேல் வேண்டாம்.

பெரம்பூர்29சி எழுதியது:

மிக்க நன்றி. படம் 1-ல் பிளேட் மூன்று எழுத்துதான், அப்படியானால் முதல் சுற்று. நீலச் சேனலில் படம் 3-ன் போர்டு வேட்டியைவிட நன்றாகக் கறுப்பு. படம் 4 பற்றி யாராவது சொல்ல முடியுமா?

டெர்மினஸ் எழுதியது:

தண்டவாளத்தை விட்டுவிட்டு மேலே பாருங்கள் சார். மெட்ராஸ் மின்சார டிராம் 1895 மே 7 முதல் 1953 ஏப்ரல் 12 வரை. தொடக்கத்தில் மின்சாரத்தைத் தரைக்கடியில் குழாய்த்தடம் வழியாகக் கொடுத்தார்கள், மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்து அது சரிப்படாமல் மேல்கம்பிக்கு மாறினார்கள். டிராம் நின்ற பிறகும் தண்டவாளம் சாலையில் கிடக்கும், அதனால் தண்டவாளம் இருக்கிறது என்பதை வைத்து 1953-க்கு முன் என்று சொல்ல முடியாது. மின்கம்பி இருந்தால் சொல்லலாம். டெலிபோன் வயர் சாலையோரமாக ஓடும். டிராம் கம்பி தண்டவாளத்தின் நடுவுக்கு நேர் மேலே, இருபுறக் கம்பங்களுக்கும் குறுக்கே கட்டிய கம்பியில் தொங்கும். தண்டவாளத்தின் தலைப்பகுதி பளபளப்பாக இருந்தால் சக்கரம் ஓடிக்கொண்டிருக்கிறது, மங்கலாகவோ மண் மூடியோ இருந்தால் ஓடவில்லை.

பிறகு பஸ்ஸின் உடம்பு. டிராம் கம்பெனியே 1925-ல் பஸ் விட்டிருக்கிறது. பின்னர் 1947 வரை தனியார் வண்டிகள். கம்பெனிப் பெயர் ஏதாவது தெரிந்தால் அந்தக் காலம். அரசு வண்டி, மேலே கம்பி, பளபளக்கும் தண்டவாளம் மூன்றும் சேர்ந்தால் 1947 முதல் 1953 வரை. பஸ்ஸின் பக்கவாட்டையும் கம்பத்தின் உச்சியையும் தனித்தனியாகப் பெரிதாக்கி இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.