கர்ப்பத்தோடு நாடு மாறினால்: க்ரோத் ஸ்கேன், டாப்ளர் ரிப்போர்ட் பற்றிக் கொஞ்சம்

வந்து இறங்குபவர்கள் பலரும் பழைய ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வருகிறார்கள். அதில் எடையும் பெர்சன்டைலும் இருக்கும். புது ஆஸ்பத்திரிக்கு அவ்வளவாக உதவாதவை அந்த இரண்டும்தான். பெர்சன்டைல், அதாவது அதே வாரத்துக் குழந்தைகள் நூறு பேரைச் சின்னதிலிருந்து வரிசைப்படுத்தினால் உங்கள் குழந்தை எத்தனையாவது என்பது, சார்ட்டைப் பொறுத்தது. ஹேட்லாக், 2014-இல் வந்த இன்டர்குரோத்-21, உலக சுகாதார நிறுவனத்தின் 2017 சார்ட், தாயின் உயரம் எடையையும் சேர்த்துப் போடும் சார்ட் எனப் பல உண்டு. ஒரே குழந்தை ஒன்றில் 10-க்கு மேலும் இன்னொன்றில் கீழும் விழலாம். குழந்தை இளைக்கவில்லை, அளவுகோல்தான் மாறியிருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு ஸ்கேனின் தேதியும், தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு நீளம் ஆகியவற்றின் மில்லிமீட்டர் அளவும் கையில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேல், 11–14 வார ஸ்கேனில் எடுத்த சிஆர்எல், அதாவது குழந்தையின் தலை உச்சியிலிருந்து பிட்டம் வரையிலான நீளம். அதை வைத்துக் கணக்கிட்ட பிரசவத் தேதியே கடைசிவரை நிற்க வேண்டும். 30 வாரத்தில் "ரெண்டு வாரம் சின்னதா இருக்கு, தேதியை மாத்திடலாம்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வளர்ச்சிக் குறைவு கண்ணில் படாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்குப் பல நாடுகளில் 20 வாரத்துக்குப் பிறகு ஸ்கேனே கிடையாது. 24 வாரம் முதல் வயிற்றின் மேல் டேப் வைத்து கர்ப்பப்பை உயரத்தை அளப்பதோடு சரி. அலட்சியம் இல்லை, முறையே அதுதான். பிபி, சுகர், இரட்டைக் குழந்தை, முந்தைய குழந்தை எடை குறைவாகப் பிறந்தது, டேப் அளவு பின்தங்குவது என்று ஏதாவது இருந்தால் குழந்தையின் வளர்ச்சியை அளக்கும் க்ரோத் ஸ்கேன் தருவார்கள்.

எடைக் கணக்கில் 10–15 சதவீதப் பிழை சகஜம். 2,000 கிராம் என்றால் 1,700-ம் இருக்கலாம், 2,300-ம் இருக்கலாம். அதிகம் தடுமாறுவது வயிற்றுச் சுற்றளவு. படம் வட்டமாக, இரைப்பை தெரியும்படி, சிறுநீரகம் தெரியாதபடி இருக்க வேண்டும். நீள்வட்டமாக வெட்டினால் அளவு தப்பும். வாராவாரம் வளர்ச்சி பார்ப்பதும் வீண். இரண்டு வாரமாவது, முடிந்தால் மூன்று வாரம் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் வளர்ச்சியைவிடப் பிழை பெரிதாக இருக்கும்.

கேள்வி: என் ரிப்போர்ட்டில் பிஐ அதிகம் என்று போட்டிருக்கிறது. பயப்படணுமா அக்கா?

பதில்: பிஐ என்பது டாப்ளரில், அதாவது ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேனில், ரத்தக்குழாயில் எவ்வளவு தடை என்று காட்டும் எண். எந்த ரத்தக்குழாய் என்று முதலில் பாருங்கம்மா. தொப்புள்கொடித் தமனியில் பிஐ கூடினால் நஞ்சுக்கொடியில் தடை கூடியிருக்கிறது என்று பொருள். மூளைத் தமனியில் நேர் எதிர்: பிஐ குறைந்தால்தான் கவலை, குழந்தை மூளைக்கு ரத்தத்தைத் திருப்புகிறது. 32 வாரத்துக்குப் பிறகு தொப்புள்கொடி நார்மலாக இருந்தும் மூளைத் தமனி மட்டும் மாறியிருக்கலாம், அதனால் இரண்டையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். கர்ப்பப்பைத் தமனி என்று இருந்தால் அது உங்களுடையது, குழந்தையுடையது அல்ல.

தொப்புள்கொடி அலைப் படத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சிகரம், நடுவில் ஒரு பள்ளம். பள்ளம் அடிக்கோட்டுக்கு மேலேயே நிற்க வேண்டும். கோட்டைத் தொட்டால் இடையில் ஓட்டம் நின்றுபோகிறது. கீழே இறங்கினால் ரத்தம் திரும்பி ஓடுகிறது. வளர்ச்சி குன்றிய குழந்தையில் முதல் நிலைக்கு வழக்கமாக 33–34 வாரத்திலும், இரண்டாவதுக்கு 30–32 வாரத்திலும் பிரசவம் பார்க்கிறார்கள். அதுவரை அடிக்கடி கண்காணிப்பு, நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி.

ஓட்டம் இருந்து பிஐ மட்டும் லேசாகக் கூடியிருந்தால் திரும்ப எடுக்கச் சொல்லலாம். குழந்தை மூச்சு அசைவு செய்யும்போது எடுத்தால் சிகரங்கள் ஏறுமாறாக வரும். கொடியைக் குழந்தையின் வயிற்றருகே பிடித்தால் நஞ்சுக்கொடி அருகே இருப்பதைவிட எண் கூடும். நடுவில் மிதக்கும் பகுதியில் எடுப்பதே முறை.

பெர்சன்டைல் 10-க்குக் கீழே என்று பயப்படுபவர்களுக்கு இன்னொரு பதில்: சின்னக் குழந்தை எல்லாம் நோயாளிக் குழந்தை இல்லை. 10-க்குக் கீழே இருந்தாலும் தன் கோட்டிலேயே வளர்ந்து, டாப்ளரும் நார்மல் என்றால் உடல்வாகாக இருக்கலாம். 3-க்குக் கீழே என்றால் டாப்ளர் நார்மலாக இருந்தாலும் வளர்ச்சிக் குறைவு என்றே எடுத்துக்கொள்வார்கள்.

நேற்று டாப்ளர் நார்மல், இன்று அசைவு குறைவு என்றால் நேற்றைய ரிப்போர்ட்டை நம்பி உட்காராதீர்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பிரசவப் பிரிவுக்கு போன் பண்ணுங்கள். மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். வீட்டில் வைத்துக் கேட்கும் டாப்ளர் கருவியை இதற்கு நம்பவே கூடாது. அது உங்கள் நாடியையே குழந்தையின் துடிப்பாகக் காட்டிவிடும். உண்மையிலேயே குழந்தையின் துடிப்பாக இருந்தாலும் நஞ்சுக்கொடி எப்படி வேலை செய்கிறது என்று அதில் தெரியாது.