அரபி எம்.ஏ., அப்புறம் மொழிபெயர்ப்பு: எப்படிப் போறதுங்க?

காளிங்கராயன்கரை (ஈரோடு):
பி.ஏ. அரபி கடைசி வருசம். கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் போகணும், நாவல்களை நேரா அரபியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவரவும் ஆசை. ஓதிப் பழகின அரபி இருக்குதுங்க. ஆனா நாவலைத் தொறந்தா பக்கத்துக்குப் பத்துச் சொல் நிக்குது. எங்கிருந்து ஆரம்பிக்கறது?

நொய்யல்:
எம்.ஏ.வுக்குப் பக்கம்னா திருச்சி ஜமால் முகமது கல்லூரி. ஈரோட்டிலிருந்து கரூர் வழியா ரயில் இருக்குதுங்க. எம்.ஏ.வில் 55 சதவீதம் கட்டாயம் (ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50). அப்புறம் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு): முதல் தாள் 50 கேள்வி, அரபித் தாள் 100 கேள்வி, மொத்தம் 3 மணி நேரம். முதல் தாள் பொதுத்தாள். அரபி நல்லா வர்றவங்க சறுக்கறது அங்கதான். வேலைக்குச் சேர்ந்த பிறகு மொழிபெயர்ப்பும் பதவி உயர்வுக் கணக்கில் வரும். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி மொழிபெயர்த்த நூலுக்கு 8 புள்ளி, அத்தியாயத்துக்கு 3.

பவானிக்கூடல்:
சொல் நிக்கறதுக்குக் காரணம் பெரும்பாலும் அகராதி பார்க்கிற முறைதாங்க. ஹான்ஸ் வேர் அரபி-ஆங்கில அகராதி வேரெழுத்து (சொல்லுக்கு மூலமான மெய்யெழுத்துகள்) வரிசையில் இருக்கும். ‘இத்திஸால்’ (தொடர்பு) அலிஃபில் கிடைக்காது, தாவிலும் கிடைக்காது, வாவ்-ஸாத்-லாமில் தேடணும். முதல் எழுத்து வாவாக இருந்தா எட்டாம் வாய்பாட்டில் (வேரிலிருந்து வினை உருவாகிற அச்சுகளில் எட்டாவது) அது தாவாக மாறிடும். இது பிடிபட்டாலே பாதித் தடை போயிரும்.

அடுத்தது ‘ஃப’ (‘உடனே, அப்புறம்’னு வினைகளை இணைக்கிற முன்னொட்டு). ‘வந்து உட்கார்ந்து சொன்னான்’னு நம்ம வினையெச்சம் அதை அழகா ஏந்திக்கும். ஆனா ‘ளரபஹு ஃபபகா’ன்னா அடிச்சவன் ஒருத்தன், அழுதவன் வேறொருத்தன். ‘அடித்து அழுதான்’னு எழுதினா கதையே மாறிப்போகும். ‘அடித்ததும் இவன் அழுதான்’னு பிரிச்சுத்தான் எழுதணும்.

‘அன்த’ (முன்னிலை ஒருமை) வர்ற இடத்தில் நீயா, நீங்களா? அரபி சொல்லாது, நீங்கதான் முடிவு பண்ணணும். யார் யாரை எப்படிக் கூப்பிடறாங்கன்னு முதல் அத்தியாயத்துக்கு முன்னாடியே பட்டியல் போட்டு வெச்சுக்குங்க. இல்லீன்னா நடுவுல அப்பனை மகன் திடீர்னு ‘நீ’ம்பான்.

நொய்யல்:
பேச்சு வழக்கிலும் கவனம் வேணுங்க. எகிப்திய நாவலாசிரியர் நஜீப் மஹ்ஃபூஸ் உரையாடலையும் ஃபுஸ்ஹாவில்தான் (எழுத்து வழக்கு அரபி) எழுதினார். அதுல ‘ஏனுங்ணா’ வந்தா கெய்ரோ போயி நம்ம ஜவுளிச் சந்தை வந்துரும், அவர் யோசிச்சு எடுத்த முடிவும் அழிஞ்சுரும்.

காளிங்கராயன்கரை:
நன்றிங்க. உரிமை வாங்காம எதையாவது பழகிப் பார்க்கலாமுங்களா?

பவானிக்கூடல்:
வீட்டுப் பயிற்சிக்கு எதுவும் எடுக்கலாம். வெளியிடறதுக்குன்னா, எழுத்தாளர் இறந்து 60 வருசம் தாண்டியிருக்கணும். ஜுர்ஜி ஸைதான் (இறப்பு 1914), ஜிப்ரான் (1931) தாராளமா எடுங்க. ஜிப்ரான் ஆங்கிலத்திலும் எழுதினவர், அதனால அரபியில் எழுதினதான்னு பார்த்துக்குங்க. வாரம் ரெண்டு பக்கம் போதுமுங்க.